கேத்தலின் அடியில் படிந்த வெள்ளை

ஹெட்டிபொலவில் ஒரு தேநீர்க்கடை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னமே கடைக்காரர் சொன்னார்: "பயப்படாம குடிங்க மாத்தயா, பில்டர் தண்ணியிலதான் ஊத்துறோம்." பிறகு அடுப்பங்கரையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கேத்தலை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். அடியில் முட்டை ஓட்டைப் போல ஒரு வெள்ளைப் படிவு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. "கிணத்துத் தண்ணி செஞ்ச வேலை. இதுதான் எங்க ஆட்கள்ட கிட்னியிலயும் போய்ப் படியுது" என்றார்.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வில்கமுவ. ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் வஸ்கமுவ தேசியப் பூங்கா. ஆற்றுக்கு அக்கரையில் கிராந்துருக்கோட்டே. 1990களில் மதவாச்சி, பதவிய பக்கம் மருத்துவர்களின் கண்ணில் முதலில் பட்ட ஒரு சிறுநீரக நோய் இந்த இரு கரைகளிலும் பல வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை, சிறுநீரகம் மட்டும் சுருங்கிப்போகிறது. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பது அதன் உத்தியோகபூர்வப் பெயர். காரணம் தெரியாத இடத்தில் கதைகள் முளைக்கும். வில்கமுவவில் நான் கேட்டவற்றில் சிலவற்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கேத்தல். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வன்னீரைக் கொதிக்க வைத்தால் அது அடியில் இறங்கும். அதே தண்ணீரைக் குடித்தால் இரைப்பையின் அமிலத்தில் கரைந்துவிடும். சிறுநீரகத்தில் சுண்ணாம்பாகப் பூசிக்கொள்ளாது. நோயாளிகளின் சிறுநீரகத் திசுவைத் துளியளவு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த நோயியலாளர்கள் அங்கே சுண்ணாம்பைக் காணவில்லை. இரத்தத்தை வடிக்கும் சல்லடையைவிட, வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவும்தான் முதலில் கெட்டுத் தழும்பேறியிருந்தன. சிறுநீரகக் கல் வேறு, இது வேறு. ஆனாலும் கடைக்காரர் முழுப் பிழை என்று சொல்லமாட்டேன். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்களுக்கும் உண்டு. அவர்கள் பார்ப்பது கேத்தலில் படிவதை அல்ல, படியாமல் தண்ணீரோடு கோப்பைக்குள் வருவதை. அதாவது புளோரைட்டு, மக்னீசியம். சி.பி. திசாநாயக்கவும் ரோஹண சந்திரஜித்தும் பாறை, மண், நீர், நோய் நான்கையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் மருத்துவப் புவியியல் என்ற துறையை இலங்கையில் வளர்த்தவர்கள். நோய் பரவிய இடங்களின் கிணறுகளில் வன்மையும் புளோரைட்டும் சேர்ந்தே கூடியிருக்கின்றன என்பது அந்தப் பக்கத்து ஆய்வாளர்களின் முக்கிய அவதானம்.

யாழ்ப்பாணத்தார் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "எங்கட கிணத்துத் தண்ணியும் வன்னீர்தானே, எங்களுக்கு ஏன் இது வரேல்லை?" நியாயமான கேள்வி. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அங்கே வன்மைக்குப் பெரும் காரணம் கல்சியம். வில்கமுவ பக்கம் பழைய உருமாறிய பாறை. நோய்ப் பகுதிக் கிணறுகளில் மக்னீசியத்தின் பங்கு அதிகம். அந்த வேற்றுமையே துப்பு என்கிறார்கள் புவியியலாளர்கள். துப்புத்தான், தீர்ப்பல்ல.

தீர்ப்பை அவசரப்பட்டு எழுதியது வேறொரு கதையில். "மருந்தடிக்கிற நஞ்சுதான் காரணம், அது நிரூபிச்சாச்சு" என்று வில்கமுவவில் மட்டுமல்ல, கொழும்பில் படித்தவர்களும் சொல்வார்கள். 2014இல் ஆய்வாளர் சன்ன ஜயசுமனவும் இரு சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபொசேற்று என்ற களைநாசினி வன்னீரிலுள்ள உலோகங்களோடு பிணைந்து சிறுநீரகத்தைச் சேரக்கூடும் என்பது அதன் சாரம். அது ஒரு கருதுகோள். இப்படி இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்ற அழைப்பு. நாட்டில் அது 'கண்டுபிடிப்பு' என்று வாசிக்கப்பட்டது. 2015இல் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையின் சுமை யாருடைய முதுகில் விழுந்தது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிறுநீரக நோய் இப்படிப் பரவியிராத தேயிலை மலைகளில் புல் இடுப்பளவு வளர்ந்தது. தோட்டங்கள் வேறு களைநாசினிக்கு மாறின. அதன் எச்சம் தூளில் கூடிப்போனதென்று ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்கே தடை வந்தபோதும் சொல்லப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோய் ஒன்று. நவம்பரில் அதுவும் நீங்கியது. அதற்குள் கமக்காரரின் கையும் வயலும் வெறுமையாகிவிட்டன.

விவசாய இரசாயனங்கள் நல்லவை என்று வாதாட நான் வரவில்லை. கைகால் மூடாமல், வாய்க்குத் துணி கட்டாமல் மருந்தடிப்பது ஆபத்து. அதற்குச் சிறுநீரக நோயின் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நெல் வயலைவிட அதிகம் மருந்தடிக்கும் நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் இந்த நோய் ஏன் இப்படிப் பரவவில்லை என்று கேட்டால், 'நிரூபிச்சாச்சு' என்பவர்களிடம் நேரான பதில் இல்லை. ஆசனிக்கு, கட்மியம் என்று முன்பு வந்த சந்தேகங்களுக்கும் இதே கதிதான். உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தபோது கட்மியத்தின் மேல் விரல் நீட்டியது. பின்னர் வந்தவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. "இது ஆம்பிளையளுக்கு வாற நோய்." அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் 15 முதல் 70 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தபோது பெண்களில் 16.9 வீதமும் ஆண்களில் 12.9 வீதமும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். முற்றிய நிலையில்தான் ஆண்கள் அதிகம். கிளினிக் வாங்கில் ஆண்களே தெரிவது அதனால். வீட்டிலிருக்கும் பெண்ணின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கலாம். அவளுக்கு முதுகும் நோகாது, காலும் வீங்காது. முதுகு வலித்தால்தான் சிறுநீரகம் என்று நினைப்பவர்கள் நல்ல முதுகோடு பாதிச் சிறுநீரகத்தை இழந்திருப்பார்கள். கிரியற்றினின் போன்ற இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் முன்கூட்டிச் சொல்லும்.

"காரணம் தெரியாது என்று பேரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமா இவங்க என்ன செஞ்சாங்க?" ஒரு வாலிபர் கோபமாகவே கேட்டார். அவருக்கு நான் ஐரோப்பாவின் பால்கன் பகுதிக் கதையைச் சொன்னேன். டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும் கமக்காரரின் சிறுநீரகம் சுருங்கியது. 1956இல் பல்கேரியாவிலிருந்து அதைப்பற்றி எழுதினார்கள். கிணற்று நீர், நிலக்கரிப் படுகை, தானியத்தில் பூஞ்சணம், வைரசு என்று எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள். கோதுமையோடு ஒரு களையின் விதையும் சேர்ந்து அரைபடுகிறது, அதைப் பாருங்கள் என்று 1969இல் ஒருவர் சொன்னார். யாரும் காதில் போடவில்லை. 1993இல் எங்கோ பிரசல்சு நகரில், மெலிவதற்கு மூலிகைக் குளிகை விழுங்கிய பெண்களின் சிறுநீரகம் அதே மாதிரிக் கெட்டிருந்தது தெரியவந்தது. குளிகையில் இருந்த மூலிகையும் கோதுமை வயலின் களையும் ஒரே குடும்பம். 2007இல் ஆதர் குரோல்மன் குழுவினர் அந்தக் குடும்பத்து நஞ்சின் தடத்தை நோயாளிகளின் மரபணுப் பொருளிலேயே காட்டினார்கள். அரை நூற்றாண்டு ஆயிற்று. தாவரவியலாளர், நோயியலாளர், வேதியியலாளர் என்று ஆளுக்கொரு துண்டாக ஒட்டியதில்தான் படம் தெரிந்தது.

அந்தக் குடும்பத்தை நமக்கும் தெரியும். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி. ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் அரைத்துக் கொடுத்த இனம் நாம். சிங்களத்தில் ஈஸ்வரமூலியைச் சப்சந்த என்பார்கள். உள்ளூர் வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. "நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை" என்பவர்களுக்கு இந்த ஒரு செடி போதும். வில்கமுவ நோய்க்கு அதுதான் காரணம் என்று மட்டும் முடிச்சுப் போடக்கூடாது. பால்கனில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் கூடவே வந்தது. இங்கே அப்படி இல்லை.

இதற்கிடையே வேறு துறைக்காரர்களும் இந்த முற்றத்துக்கு வந்திருக்கிறார்கள். எலி பரப்பும் ஹன்டா வைரசின் பிறபொருளெதிரிகள் கிராந்துருக்கோட்டே நோயாளிகளில் மற்றவர்களைவிட அதிகம் இருந்ததைப் பேராதனை, ஜப்பான் வைரசு ஆய்வாளர்கள் கண்டார்கள். புளோரைட்டு கலந்த தண்ணீரைத் தரக்குறைந்த அலுமினியச் சட்டியில் காய்ச்சினால் அலுமினியம் கரைந்து வருவதை ஒ.ஏ. இலேபெரும என்ற வேதியியலாளர் 2009இல் காட்டினார். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுவோருக்கும் இதே போன்ற நோய் வருகிறது; அங்கே இத்தகைய நோயைப்பற்றி 2002இல் எல் சல்வடோர் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆந்திராவின் உத்தானத்தில் முந்திரி, தென்னைத் தோட்டங்களுக்கு நடுவில் அதே துயரம். கரும்புக் காட்டில் ஆய்வாளர்கள் அதிகம் சந்தேகிப்பது வெயிலை. நாள் முழுக்க வியர்த்து, குடிக்காமல், மறுநாளும் அப்படியே வேலை செய்வது. அங்கே கொடுத்துப் பார்த்த மருந்து தண்ணீர், ஓய்வு, நிழல். இலங்கையில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று இன்னும் தர்க்கிக்கிறார்கள். என் கணிப்பு, ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவதுதான் இந்த முப்பது வருடத்தின் பெரிய மூடநம்பிக்கை.

சரி, பில்டர் தண்ணி? ஆர்.ஓ. இயந்திரம் என்ற சவ்வுச் சுத்திகரிப்பு இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது; கடற்படையே நூற்றுக்கணக்கில் பூட்டிக் கொடுத்திருக்கிறது. வன்மையும் புளோரைட்டும் அதில் பெருமளவு நின்றுவிடும். நோயாளிகளின் குடிநீரை நல்ல நீராக மாற்றிப் பார்த்த ஒரு சிறிய முன்னோடி ஆய்வில் நோய் முற்றும் வேகமும் குறைந்தது. ஆனால் தழும்பேறிய குழாயை எந்தத் தண்ணீரும் திரும்ப முளைக்க வைக்காது. "ரெண்டு வருஷமா பில்டர் தண்ணி குடிக்கிறேன், கிளினிக் எதுக்கு" என்று மருந்தை நிறுத்துவது விபரீதம். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான்: கிருமி சாகும், வன்மையில் ஒரு பங்கு கேத்தலில் படியும், புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். இயந்திரம் கழித்துவிடும் உப்புக் கழிவு நீரைப் பக்கத்துக் காணிக்குள் விட்டால் அது எங்கே போகும் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நிலத்துக்குள்தான் போகும்.

இரவில் ஊர் வேறு ஒரு பயத்தில் விழித்திருக்கிறது. வஸ்கமுவ யானைகள். பகலில் வயல், இரவில் பரணில் காவல், வாயில் வெற்றிலை. "காட்டில சாப்பாடு இல்லாமத்தான் வருது, எல்லாத்தையும் பார்க்குக்குள்ள விரட்டி வேலி போட்டால் சரி" என்கிறார்கள். 39,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பூங்கா அது. நாடு முழுவதும் யானைகளின் பரவலை ஆராய்ந்த பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழுவினர், யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருப்பதைக் கண்டார்கள். விரட்டிய கூட்டம் வேலிக்குள் மெலிந்து சாகும். வயலுக்கு வரும் ஆண் யானையோ திரும்பி வருவான். அவன் பசிக்கு வருபவன் அல்ல, ருசிக்கு வருபவன். காட்டுப் புல்லைவிட நெல்லில் சத்து அதிகம், உழைப்புக் குறைவு. வேலியைக் காட்டுக்கு அல்ல, ஊருக்கும் வயலுக்கும் போடுங்கள் என்பது இப்போது ஆய்வாளர்கள் சொல்வது.

இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பக்கத்து வீடுகளில் தோடை மரம் நட்டுக் கொடுத்தது. எலுமிச்சைக் குடும்பத்தை யானை விரும்பாது. மிருகக்காட்சிசாலை யானைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டே இறங்கினார்கள். "தோடை நட்டால் யானை வராது" என்று அதுவும் ஒரு நம்பிக்கையாகிவிட்டது. மரம் வேலியல்ல. தோடைக்குப் பின்னால் பலாப்பழம் மணத்தால் யானை சுற்றிக்கொண்டு வரும். யானை மிதிக்காத, விற்கக்கூடிய ஒரு பயிர் என்பதுதான் அதன் உறுதியான லாபம்.

நான் பார்த்த ஒரு முற்றத்தில் ஏழெட்டு மரங்கள் காய்த்திருந்தன. வீட்டுக்கார அம்மா ஒரு பையில் பழம் போட்டுத் தந்தார். திண்ணையில் இருந்த கணவருக்கு ஒன்றை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிசுக்குப் போகிறவர். தோடம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடக்கூடும். கிளினிக்கில் கொடுத்த தாளில் 'தவிர்க்கவும்' என்ற பக்கத்தில் அது இருக்கிறதாம். மரத்தை நட்டவர் அவர்தான்.