கல்லூரியில் நேர்ந்த சிறு குற்றமும் மருத்துவக் கல்விக்கான விண்ணப்பமும்

தம் பிள்ளைகளுள் ஒருவரேனும் மருத்துவராக வேண்டும் என்று எண்ணாத தோட்டக் குடும்பம் அரிது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் புறப்படும் பெற்றோர், பிள்ளையின் மதிப்பெண்களைப் பற்றியே ஓயாது கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. எனினும், மதிப்பெண் பட்டியலைத் தவிர, மாணவரைப் பற்றிய இன்னொரு பதிவேடும் கல்வி நிலையங்களில் எழுதப்பட்டு வருகிறது. அதுவே கட்டொழுங்குப் பதிவேடு. விடுதியில் நள்ளிரவு கடந்தும் கூச்சலிட்டது, தடை செய்யப்பட்ட பொருளை அறையில் வைத்திருந்தது, அனுமதியின்றி வெளியாரைத் தங்க வைத்தது போன்ற சிறு குற்றங்கள் அதில் இடம்பெறுகின்றன. இவ்வாறு ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், அம்மாணவர் மருத்துவக் கல்வியை மறந்துவிட வேண்டியதுதானா?

இவ்வினாவுக்குரிய விதிகளைத் தெளிவாக எழுதி வைத்துள்ள நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுள் வெளிநாட்டு மாணவர்களை ஏற்பவை சிலவே. ஆதலால் நம் தோட்டப்புறங்களிலிருந்து அங்கே மருத்துவம் பயிலச் செல்வோர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும், அவ்விதிகளுக்குப் பின்னாலுள்ள எண்ணப்போக்கை எந்நாட்டில் மருத்துவம் பயில விரும்புவோரும் அறிந்திருத்தல் நன்று.

விண்ணப்பத்தில் வரும் கேள்வி

அமெரிக்காவில் இடைநிலைப்பள்ளியை முடித்தவுடன் மருத்துவக் கல்லூரியில் சேர்வது வழக்கமன்று. முதலில் நான்காண்டு பட்டப்படிப்பு. அதன் பின்னரே நான்காண்டு மருத்துவப் படிப்பு. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்பங்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஒரு பொது விண்ணப்பச் சேவையின் வழியாகவே செல்கின்றன. டெக்சஸ் மாநிலத்தின் அரசாங்கக் கல்லூரிகளுக்கும் வேறு சில வகைக் கல்லூரிகளுக்கும் தனித்தனிச் சேவைகள் உண்டு.

அப்பொது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. படித்த கல்லூரி எதுவேனும், தகுதியற்ற நடத்தைக்காகவோ படிப்பில் போதிய தேர்ச்சி இன்மைக்காகவோ, விண்ணப்பதாரர்மீது எப்போதாவது நடவடிக்கை எடுத்துள்ளதா என்பதே அது. அந்நடவடிக்கையால் படிப்பு தடைபடாமல் இருந்தாலும் ‘ஆம்’ என்றே பதிலளிக்க வேண்டும். கல்லூரி வழங்கும் மதிப்பெண் பட்டியலில் அது குறிக்கப்படாமல் இருந்தாலும், குறிக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும், பதில் மாறுவதில்லை. விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டால், பத்து வேலை நாள்களுக்குள் அதனைத் தாம் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் அறிவித்துவிட வேண்டும்.

“நீக்கப்பட்டதையும் சொல்ல வேண்டுமா?” என்று பலர் வியக்கக்கூடும். கல்லூரி தன் ஏட்டிலிருந்து ஒரு வரியை அழித்துவிட்டதென்றால், அக்குற்றத்திற்கு மேலும் தண்டனை இல்லை என்பதே அதன் பொருள். நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கேள்வி நடந்ததைப் பற்றியதாக இருக்கும்போது பதிலும் நடந்ததைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். இதைச் சற்றுக் கடுமையான விதி என்று கருதுவோரும் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் விதி அதுவே.

‘ஆம்’ என்று குறித்தவருக்கு விளக்கம் எழுத இடம் தரப்படுகிறது. இடைவெளிகள் உட்பட 1,325 எழுத்துகளுக்குள் அதனை முடித்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 200 சொற்கள்; ஒரு தாளில் பாதிப் பக்கம். அந்தப் பாதிப் பக்கத்தில்தான் பலருடைய வாய்ப்பு நிலைப்பதும் சரிவதும்.

எது சிறிது, எது பெரிது?

அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் மிகவும் வழக்கமான குற்றங்களுள் ஒன்று மது பற்றியது. 1984-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தைத் தொடர்ந்து, அந்நாட்டு மாநிலங்கள் மது வாங்குவதற்குரிய வயதை 21 என்று நிர்ணயித்துள்ளன. கல்லூரியில் சேரும் மாணவருக்கோ வயது பதினெட்டு. எனவே, முதலாண்டு மாணவரின் அறையில் ஒரு பீர்ப் புட்டி காணப்பட்டாலும் விடுதிப் பொறுப்பாளர் அதனை எழுதி அனுப்பிவிடுவார். எச்சரிக்கைக் கடிதம், மதுவின் தீமை பற்றிய வகுப்பு, சில மாதக் கண்காணிப்பு ஆகியவையே பெரும்பாலும் தண்டனை. அளவுக்கு மீறிய சத்தம், அறைக்குள் மெழுகுவத்தி கொளுத்தியது ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். ஒருமுறை நிகழ்ந்து, பின்னர் நிகழாமல் இருந்தால், இவற்றைக் காரணமாகக் கொண்டு மட்டும் தேர்வுக் குழுவினர் ஒருவரை ஒதுக்குவது அரிது.

தேர்வில் பார்த்து எழுதுவதும், பிறருடைய கட்டுரையைத் தம்முடையதாகக் காட்டுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. தண்டனை சிறிதாக இருந்தாலும் குற்றம் பெரிதாகவே எடைபோடப்படுகிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. நள்ளிரவில் நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளக்காமலேயே அளந்ததாக எழுதி வைக்கும் மருத்துவரை யார் நம்புவார்? கல்லூரியில் பொய் எழுதிய கை, மருத்துவமனையிலும் பொய் எழுதுமோ என்ற ஐயம் குழுவினருக்கு எழுவது இயல்பே. அடிதடி, திருட்டு, போதைப்பொருள் விற்பனை ஆகியவற்றைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

சிறு குற்றமும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் சிறியதாக இராது. முதலாண்டில் ஓர் எச்சரிக்கை, இரண்டாமாண்டில் அதே காரணத்திற்காக இன்னோர் எச்சரிக்கை, விண்ணப்பத்திற்கு முந்திய மாதம் மூன்றாவது எச்சரிக்கை என்று வந்தால், இம்மாணவர் சொன்னதைக் கேட்டுத் திருந்துபவரல்லர் என்ற முடிவுக்கே குழுவினர் வருவர். போட்டியின் கடுமையையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டில் சேருவதற்காக அந்நாட்டில் சுமார் 52,500 பேர் விண்ணப்பித்தனர். இடம் பெற்றுச் சேர்ந்தவர்கள் 23,000-க்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பியே தீரவேண்டிய குழுவினருக்குக் காரணம் தேடுவது கடினமன்று.

ஆராய்ச்சி கூறுவது

இளமையில் செய்த குறும்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் தொழிலை எடைபோடுவது முறையா என்று கேட்கலாம். மாக்சின் பாப்பதாக்கிஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சியை நடத்தி 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற்காலத்தில் மாநில மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களின் பழைய மாணவர்ப் பதிவேடுகளை, தண்டனை பெறாத 469 மருத்துவர்களின் பதிவேடுகளோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். மருத்துவக் கல்லூரியில் பயின்றபோதே தொழிலுக்குப் பொருந்தாத நடத்தைக்காகக் குறிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு, தண்டிக்கப்பட்டவர்களிடையே ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

அவற்றுள்ளும் மிக வலுவான அறிகுறி எது என்பதே நாம் கவனிக்கத் தக்கது. பொறுப்பின்மையே அது. சிகிச்சைக் கூடத்திற்கு ஒழுங்காக வராமை, நோயாளிக்குச் செய்ய வேண்டியதைத் தொடர்ந்து கவனிக்காமை ஆகியவை அப்பெயரால் குறிக்கப்பட்டன. அடுத்ததாக நின்றது, திருத்திச் சொல்வோரின் சொல்லை ஏற்காமை. பால்மரம் வெட்டுவோருக்கு இது புதிய செய்தியன்று. கத்தி ஒருமுறை ஆழமாக இறங்கிவிட்டால் பட்டையில் காயம் விழும், அது ஆறிவிடக்கூடும். மண்டோர் எடுத்துக் காட்டிய பின்னரும் அதே ஆழத்தில் கத்தியை இறக்குபவருடைய மரத்தில்தான் புதுப்பட்டை கட்டிகட்டியாக வளர்ந்து மறுவெட்டுக்கு உதவாமற் போகிறது.

அவ்வாராய்ச்சியை அளவுக்கு மீறிப் பொருள்கொள்ளவும் கூடாது. அது மருத்துவக் கல்லூரியில் காணப்பட்ட நடத்தையைப் பற்றியது. அதற்கு முந்திய பட்டப்படிப்புக் காலத்து விடுதிக் குற்றங்களைப் பற்றியதன்று. வாரியத்தின் தண்டனைக்கு ஆளாகும் மருத்துவர்கள் மொத்தத்தில் சிலரே. ஆகவே, மாணவப் பருவத்தில் குறிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பிற்காலத்தில் எவ்விதக் குறையுமின்றித் தொழில் புரிபவர்களே.

விளக்கம் எழுதும் முறை

ஒரே குற்றத்தைச் செய்த இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருடைய அறையிலும் பத்தொன்பதாம் வயதில் மது காணப்பட்டது. ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்: “அன்று என் அறைத் தோழனின் பிறந்தநாள். மது அவன் கொண்டுவந்தது. அவ்விடுதியில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். விடுதிப் பொறுப்பாளர் என்மீது வேண்டுமென்றே புகார் செய்தார்.”

மற்றவர் எழுதுவது இது: “முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் என் அறையில் மது வைத்திருந்தேன். அது விதிக்கு மாறானது என்பது எனக்குத் தெரியும். கல்லூரி எனக்கு எழுத்து வடிவில் எச்சரிக்கை அளித்தது. ஒரு வகுப்பிலும் கலந்துகொண்டேன். அதன் பிறகு என்மீது எந்நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. மூன்றாமாண்டில் அதே விடுதியில் புதிய மாணவர்களுக்கு உதவியாளராகப் பணியாற்றினேன்.”

முன்னவர் கூறியது முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் அவருடைய பங்கு எது என்று தேடினாலும் கிடைக்கவில்லை. பின்னவர் நாள், செயல், தண்டனை, பிற்கால நடத்தை ஆகிய நான்கையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணீரும் இல்லை, நீண்ட மன்னிப்பும் இல்லை. குழுவினர் நேர்காணலிலும் இதைப் பற்றி வினவக்கூடும். எழுதியதையே வாயாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மறைத்தவரின் நிலை வேறு. பட்டப்படிப்புக் கல்லூரியிலிருந்து மாணவரின் நடத்தை பற்றிய சான்று கேட்கும் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பத்திற்கும் சான்றுக்கும் முரண்பாடு தெரிந்தால் விசாரணை நடைபெறும். அதன் அறிக்கை விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு அனுப்பப்படும். தரப்பட்ட இடம் திரும்பப் பெறப்படலாம். சேர்ந்த பின்னர்த் தெரியவந்தாலும் நீக்கப்படலாம். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி, பொய்யுரைத்த குற்றமாக வளர்ந்து நிற்கும்.

தம்மீது பதிவு உண்டா இல்லையா என்றே தெரியாத மாணவர்களும் இருக்கின்றனர். “பொறுப்பாளர் கண்டித்தார், அது பதிவாயிற்றா?” என்று ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி, அமெரிக்கக் கல்லூரி மாணவர் தம்மைப் பற்றிய கல்விப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமை உடையவர். கேட்ட 45 நாள்களுக்குள் கல்லூரி அதற்கு வகைசெய்ய வேண்டும். அங்கே பட்டப்படிப்புப் படிக்கும் நம் நாட்டு மாணவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

நம் நாட்டில்

மலேசியாவில் முறை வேறு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகள் நெடுங்காலமாகக் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் என்று கணக்கிடப்பட்டு வந்துள்ளன. ஒழுக்கத்திற்கென்று தனிப்புள்ளி இக்கணக்கில் இல்லை. ஆயினும் மருத்துவத்திற்கு நேர்காணல் உண்டு. பள்ளி விடுப்புச் சான்றிதழில் நடத்தை பற்றிய குறிப்பும் உண்டு. பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர் இழக்கும் பாடங்களும் பயிற்சிகளும் மேற்கூறிய இரு பகுதிகளையுமே குறைத்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் 1999-இல் வகுக்கப்பட்ட மாணவர் கட்டொழுங்கு விதிகள் பொருந்தும். எச்சரிக்கை, 200 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், வளாகத்தின் சில பகுதிகளுக்குள் நுழையத் தடை, இடைநீக்கம், வெளியேற்றம் என்று தண்டனைகள் படிப்படியாக அமைந்துள்ளன. படிப்பை முடித்தவர் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிய மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பதிவுக்குப் பட்டத்தோடு நன்னடத்தையையும் எதிர்பார்க்கிறது. விடுதியில் பெற்ற ஓர் எச்சரிக்கையால் அது கெட்டுவிடுவதில்லை. நீதிமன்றத் தண்டனை போன்றவை வேறு.

பெற்றோருக்கு ஒரு செய்தி. பள்ளியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வரும் கட்டொழுங்குக் கடிதம் மலாய்மொழியில் இருக்கும். அதைக் கண்டு அஞ்சி அடுப்பில் போட்டவர்களும் உண்டு. படிக்காமலே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ தோட்ட அலுவலகக் கிராணியாரிடமோ கொடுத்து முழுவதையும் படித்துக் கேளுங்கள். குற்றச்சாட்டு என்ன, விசாரணை எந்நாளில், மேல்முறையீட்டுக்கு இடம் உண்டா, உண்டெனில் கடைசி நாள் எது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு நடக்கவில்லை என்றால் மறுப்பதற்குரிய நேரம் அதுவே. நாள் கடந்தபின் சொல்லும் மறுப்பு எடுபடுவது கடினம். விசாரணை முடிந்ததும் முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தின் படி ஒன்றைப் பிறப்புப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஏதேனும் ஒரு விண்ணப்பத்தில் நாளும் தண்டனையும் கேட்கப்படும்போது, பிள்ளை நினைவிலிருந்து எழுதாமல் அதைப் பார்த்தே எழுதலாம்.