எம்ஜிபி எஞ்சின் மூச்சுவிட வழி செய்யுங்கள்

எஞ்சினில் ஆயில் சொட்டினால் உடனே கேஸ்கெட்டை மாற்று, சீலை மாற்று என்பார்கள். பழைய எம்ஜிபி காரில் அதற்கு முன் பார்க்க வேண்டியது பிரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழியை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயுவில் கொஞ்சம் கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்; புது எஞ்சினும் இதற்கு விலக்கல்ல. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் உண்டு. வெளியேற வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். ஈரம் ஆயிலோடு கலந்து சேறாகப் படியும்.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காரின் 1798 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ் குடும்பம். அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் அதே குடும்பம்தான். ஆரம்பகால எம்ஜிபியில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பிவிடும் சுருள் மரை மட்டுமே உண்டு. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த மரையால் ஆயிலைத் தடுக்க முடியாது.

முன்பெல்லாம் இந்த வாயுவைச் சாலையிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்துக்கும் பெட்ரோல் ஆவிக்கும் உள்ள தொடர்பை 1950-களில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் எடுத்துக்காட்டினார். அதன்பின் கலிபோர்னியா கார்களில் முதலில் அடக்கப்பட்டது இந்தக் கிராங்க்கேஸ் வாயுதான். எம்ஜிபிக்கு 1964-இல் ஸ்மித்ஸ் வால்வு வந்தது. இன்லெட் மேனிஃபோல்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தட்டையான வட்ட வால்வு அது. டேப்பட் கவரிலிருந்து ஹோஸ் வழியாக வாயுவை இழுத்து, மறுபடி எரிவதற்கு அனுப்பும். அதற்கு ஈடான சுத்தக் காற்று ஆயில் மூடியின் சிறு துளை வழியாக உள்ளே வரும்.

சோதனையிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் ஐடிலிங்கில் விட்டு ஆயில் மூடியைக் கழற்றுங்கள். வால்வு சரியாக இருந்தால் எஞ்சின் வேகம் ஏறத்தாழ 200 ஆர்பிஎம் கூடும், காதுக்கே கேட்கும். மாற்றமே இல்லையென்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது ஹோஸ் அடைத்திருக்கிறது.

எஞ்சின் ஆறியபின் வால்வைப் பிரிக்கலாம். மேலே உள்ள கம்பிக் கிளிப்பை நெம்பினால் மூடி, டயாஃப்ரம், அளவு வால்வு, ஸ்பிரிங் என்று வரிசையாக வரும். எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள். உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அளவு கெட்டுவிடும். டயாஃப்ரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கிழிந்த டயாஃப்ரம் வழியாகக் காற்று மேனிஃபோல்டுக்குள் புகுந்து ஐடிலிங் தாறுமாறாகும். ஆயிலும் இழுபட்டு நீலப்புகை வரும். திரும்பப் பூட்டும்போது டயாஃப்ரத்தின் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா, அளவு வால்வின் ஊசி தன் வழிக்குள் நுழைந்ததா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரேடியேட்டர் ஹோஸ் ஆயில் பட்டு ஊறி, உறிஞ்சும் வேகத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஆயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும்.

பலர் தொடாமல் விடுவது டேப்பட் கவரோடு சேர்ந்த பிரீதர் டப்பாவை. ஆயில் துளிகளை வடிகட்டும் கம்பிவலை அதற்குள் இருக்கிறது. பல வருடச் சேறு அங்கேதான் அடைந்திருக்கும். கழற்ற மேனிஃபோல்டை அவிழ்க்க வேண்டி வரலாம், அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, காற்றடித்து, உலர்த்தி, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டுங்கள். நடு போல்ட்டை அளவுக்கு மேல் முடுக்கினால் கவர் வளைந்து அங்கேயே கசியும்.

ஆயில் மூடியைக் கழுவிப் பயனில்லை. உள்ளே வடிகட்டி இருப்பதால் 12,000 மைலுக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது கவனம் தேவை. ஸ்மித்ஸ் வால்வு உள்ள காருக்குத் துளையுள்ள மூடி. 1960-களின் கடைசியில் வால்வை விட்டுவிட்டு எஸ்யூ கார்புரேட்டரே வாயுவை நேராக இழுக்கும்படி மாற்றினார்கள். அதற்குப் பின் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கார்பன் கேனிஸ்டரும் சேர்ந்த கார்களுக்குத் துளையில்லாத மூடி. அவற்றில் காற்று கேனிஸ்டர் வழியாகத்தான் ராக்கர் கவருக்கு வர வேண்டும். மூடி மாறிப்போனால் ஏற்பாடு முழுவதும் கெடும்.

எல்லாம் பூட்டியபின் ஐடிலிங்கையும் மிக்ஸ்சரையும் மறுபடி சரிசெய்யுங்கள், ஏனென்றால் வால்வு வழியாக வரும் காற்றும் கணக்கில் சேரும். அதற்குப் பிறகும் மூடியைத் திறந்தால் புகை புசுபுசுவென்று தள்ளுகிறதா? அப்போது கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், ரிங்குகள் தேய்ந்திருக்கலாம்.

அமெரிக்காவுக்குப் போன 1968-க்குப் பிந்தைய கார்களில் புகையின் மாசைக் குறைக்கும் காற்றுப் பம்பும் உண்டு. அதைக் கழற்றினாலும் எஞ்சினுக்குக் கெடுதல் வராது. உள்ளூர்ச் சட்டத்தை மட்டும் பாருங்கள். பிரீதர் அப்படியல்ல, அதை அடைக்கவே கூடாது. பழைய எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன்பே எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்.