வீடு போனாலும் தடம் போகாது



கண்டி மாவட்டத்தில் தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் துரை, 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டது இங்கேதான். மலைச்சரிவில் அவர் இருந்த மரவீடு இப்போது இல்லை. கருங்கல் புகைபோக்கியும் கிணறும்தான் மிச்சம்.

இல்லாமல் போன வீட்டை எப்படித் தேடுவது? முதலில் நெருப்பும் தண்ணீரும் இருந்த இடத்தைப் பாருங்கள். மரம் உக்கிப்போகும், கல் நிற்கும். அடுத்தது எழுத்து. டெய்லர் ஊருக்குப் போட்ட கடிதங்கள் இன்றும் ஸ்கொத்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பங்களா இஸ்தோப்பில் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பு வைத்துக் காய்ச்சித்தான் முதல் தேயிலை செய்தார்கள்.

சரி, அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? துரை வீட்டுக்குக் கல்லாவது மிஞ்சியது. நம்ம பாட்டன், பூட்டன் இருந்த லயத்துக்கு?

ஆகவே பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாயி பக்கத்தில் உட்காருங்கள். பழைய லயம் எந்த மலையில் இருந்தது, எந்தப் பீலியில் தண்ணி பிடித்தார்கள், பக்கத்துக் காம்பிராவில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.