ஊழும் ஆள்வினையும்

மனித வாழ்வு விதிவழிச் செல்வதா, முயற்சிவழிச் செல்வதா என்னும் வினா மிகத் தொன்மையானது. பேறும் இழப்பும், இன்பமும் துன்பமும் கருவிலேயே அமைந்துவிடும் என்னும் ஆசீவகர் கொள்கையை மணிமேகலை எடுத்துரைக்கின்றது. அவ்வாறாயின் மனிதன் முயல்வது எதற்கு? இவ்வினாவை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

வள்ளுவர் நோக்கு

ஊழ் என்னும் 38ஆம் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியிலும், ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலிலும் காண்கிறோம். முன்னதன் இறுதிக் குறள் ஊழினும் வலியது பிறிதில்லை என்கிறது. பின்னதன் இறுதிக் குறளோ, தளராது முயல்வோர் ஊழையும் தோற்றோடச் செய்வர் என்கிறது. இது முரண் அன்று என்பதே நம் கருத்து. நிகழ்ந்ததை எண்ணி ஆணவமும் அழுகையும் கொள்ளாதிருக்க ஊழ் உரைக்கப்பட்டது. நிகழ வேண்டியதில் சோம்பாதிருக்க ஆள்வினை உரைக்கப்பட்டது. கணியன் பூங்குன்றனாரும் வாழ்வை ஆற்றில் செல்லும் தெப்பத்திற்கு ஒப்பிட்டபின், பெரியோரை வியத்தலும் வேண்டா, சிறியோரை இகழ்தல் அதனினும் வேண்டா என்றே முடிக்கின்றார். ஊழுணர்வு அவருக்குப் பணிவைத் தந்தது; செயலின்மையைத் தரவில்லை.

கத்ரும் கடமையும்

இறைவிதியாகிய கத்ரை நம்புதல் இஸ்லாத்தில் ஈமானின் ஓர் உறுப்பு. எனினும், ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அந்நாடு நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியினின்று ஓடுகின்றீரோ என அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஓர் இறைவிதியினின்று மற்றோர் இறைவிதிக்கே செல்கின்றோம் என்பது கலீஃபாவின் விடை. பசும்புல் உள்ள பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இறைவிதியே என்றும் விளக்கினார்கள். ஆயினும் அறிவுடையோன் எப்பக்கம் மேய்ப்பான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உப்பளம் தரும் பாடம்

பிரம்மதேசத்தை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் இவ்வுண்மை நாள்தோறும் விளங்குகின்றது. வெயிலும் காற்றும் தொழிலாளியின் கையில் இல்லை. வரப்பைக் காப்பதும், பாத்தியைச் சமன் செய்வதும், பருவமறிந்து உப்பை வாருவதும் அவர் கையில் உள்ளன. வடகிழக்குப் பருவமழை வந்தால் தொழில் நின்றுவிடும். மழை ஊழ் எனலாம். மழைக்காலப் பட்டினியை ஊழ் எனல் தகுமோ? அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர்க்கு ரூ. 5000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020களில் கொண்டுவந்ததே, அது ஊழன்று என்பதற்குச் சான்றாகும்.

இக்கரை கண்ட பெருந்துயரையும் எண்ணுவோம். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணியளவில் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. நில அதிர்வைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எச்சரிக்கையின்றிக் கழிந்தது விதியன்று. மனிதர் முன்னேற்பாடு செய்யாமையே. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. அவ்வறிவு மூன்றாண்டு முந்தியிருப்பின் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

முடிவுரை

முயன்றபின் வரும் இழப்பை விதியென்று ஏற்பது பொறுமை. முயலுமுன்பே விதியென்பது சோம்பல். பிறர் துன்பத்தைக் கண்டு, அது அவர் விதியென்று விலகுவதோ கொடுமை. உப்பளத்தில் உழைப்பவர் பிள்ளை படிப்பைப் பாதியில் விடும்போது, தலையெழுத்து என்று சொல்வது எளிது. கட்டணம் செலுத்த வழி செய்வதும், கல்லூரி வரை அழைத்து வருவதும் அரிது. அந்த அரிய பணியை ஆசிரியரும் மாணவரும் ஊர்ப் பெரியோரும் ஒன்றுகூடி மேற்கொள்வோமாக. விளைவை இறைவனிடம் ஒப்படைப்போம். வினையை நாமே ஏற்போம்.