புயற்காற்றில் மீட்பு ஹெலிகாப்டர்

கடல் இல்லாத ஓசூரில் வாழும் நமக்குப் புயலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஆகவே புயல் நமக்கும் அந்நியமன்று.

சாலையும் படகும் உதவாத வேளையில் மக்கள் வானத்தையே நோக்குகின்றனர். அப்போது வரும் ஹெலிகாப்டர்களுள் ஒன்றான ‘துருவ்’, நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்தது.

ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்பது எவ்வாறு? நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதியே காரணம். சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்று அவற்றை மேலே தள்ளுகிறது. ஒரே சீராக வீசும் எதிர்க்காற்று இதற்கு உதவியே செய்யும். புதிய காற்று தொடர்ந்து இறக்கைகளுக்குக் கிடைப்பதால் நிற்பதற்கு வேண்டிய சக்தி குறைகிறது. எனவேதான் விமானி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்புகிறார். உண்மையான பகை, திடீரென எழுந்து திடீரென அடங்கும் காற்றுதான். குன்றுகள், உயர்ந்த கட்டடங்கள் ஆகியவற்றின் மறுபுறத்தில் காற்று சுழன்று கீழிறங்கி, ஹெலிகாப்டரைத் தரையை நோக்கித் தள்ளும்.

கயிறு இறக்கி மீட்கும்போது விமானியால் தமக்கு நேர் கீழே பார்க்க இயலாது. கதவருகே இருப்பவர், ‘முன்னே, வலப்புறம், நில்’ என்று சொல்லச் சொல்ல, அவர் குரலே விமானிக்குக் கண்ணாகிறது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, ஆலுவா அருகே நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை விமானி விஜய் வர்மாவின் குழுவினர் இவ்வாறே கூரையிலிருந்து தூக்கினர். அன்றே மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது! சாலக்குடியில் மற்றொரு குழுவினர், கடற்படையின் பெரிய ‘சீ கிங்’ ஹெலிகாப்டரை ஒரு வீட்டு மாடியில் இறக்கினர். முழு எடையையும் வைத்தால் வீடு நொறுங்கிவிடும். ஆகவே சக்கரங்கள் மட்டும் மெல்லத் தொட்டிருக்க, எடையை இறக்கைகளே தாங்கின. 26 பேர் காப்பாற்றப்பட்டனர்.

எல்லாப் பயணமும் இவ்வாறு முடிவதில்லை. உத்தரகாண்ட் வெள்ளத்தில், 2013 ஜூன் 25 அன்று, கௌரிகுண்டம் அருகே மீட்புப் பணியிலிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து, அதிலிருந்த 20 பேரும் உயிர் நீத்தனர். ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது விமானிக்கும் பொருந்தும். காற்றின் வேகம், எரிபொருள், மேகத்தின் உயரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ‘இப்போது இயலாது’ எனத் திரும்புவதும் வீரமே. திரும்பி வந்தவர்தானே மறுபடியும் செல்ல முடியும்?

தோழியரே, கீழே நிற்கும் நமக்கும் கடமை உண்டு. இறக்கைகளின் காற்றில் தகரமும் தார்ப்பாயும் பறந்து ஆளை வெட்டலாம். அவற்றை முன்னதாகவே அகற்ற வேண்டும். தாவணி, துப்பட்டா, கூந்தல் ஆகியவற்றை இறுகக் கட்ட வேண்டும். ஹெலிகாப்டரில் மின்னூட்டம் சேர்ந்திருக்கும். ஆதலால் தொங்கி வரும் கொக்கி தரையைத் தொடும் முன் அதைப் பற்றக் கூடாது. வால்புறம் ஒருபோதும் செல்லலாகாது. அழைத்தால் மட்டுமே குனிந்து, விமானியின் கண் படும்படி முன்புறமாகச் செல்ல வேண்டும்.

இவற்றை இன்றே நம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லி வைப்போம். முண்டியடிக்காமல் நாம் காக்கும் ஒழுங்கு, மேலே காற்றோடு போராடுபவரின் உயிரையும் காக்கும்.