பாதியில் அறுபடும் இணைப்பு

சென்ற ஆண்டு மூதாட்டியார் ஒருவர் நம் பள்ளி அலுவலகத்திற்கு வந்தார். தாம் இப்பள்ளியில் சேர்ந்த நாளைச் சேர்க்கைப் பேரேட்டிலிருந்து எழுதித் தருமாறு வேண்டினார். அடையாள ஆவணத்திற்கான விண்ணப்பத்தோடு அதனை இணைக்க வேண்டியிருந்தது. பழைய பேரேடுகளைக் கறையான் அரித்துவிட்டது. எனினும் அதற்கு முன்பே பக்கந்தோறும் படம் பிடித்துக் கணினியில் சேர்த்திருந்தோம். அன்று அக்கணினி பழுதுபார்க்கச் சென்றிருந்தபடியால், சேமிப்புப் பெட்டியிலிருந்த காப்புப்படியைத் திறந்தோம். பக்கத்தின் மேற்பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அம்மையாரின் பெயர் இருக்க வேண்டிய இடம் அதுவே. அதற்கடுத்த பேரேடுகள் பெட்டிக்கு வந்து சேரவே இல்லை.

கணினி திரும்பி வந்தபோது மூலப்படம் பழுதின்றி இருந்தது நம் நற்பேறு. அம்மையார் கேட்டதைக் கொடுத்தோம். ஆனால் பல மாதங்களாக நாம் காப்புப்படி என்று நம்பியிருந்தது காப்பே அன்று என்பதும் அன்றுதான் விளங்கிற்று. அதன் காரணத்தைத் தேடிய வரலாறே இக்கட்டுரை.

மாணவர்களே, கணினி ஒரு படத்தை அப்படியே முழுதாக அனுப்புவதில்லை. ஏறத்தாழ 1500 பைட் கொண்ட சிறுசிறு பொதிகளாகப் பிரித்தே அனுப்புகிறது. முன்னாளில் பால்மரத் தோட்டத்தில் வாளி வாளியாகப் பால் நிறுத்துக் கிராணியார் கணக்கில் குறித்ததை உங்கள் தாத்தா பாட்டியர் அறிவர். அதுபோலவே பெறுகின்ற கணினியும் பொதிகள் வந்து சேர்ந்ததை உறுதி செய்து மறுமொழி அனுப்பும். மறுமொழி வாராவிடின், அனுப்பிய கணினி அதே பொதியை மீண்டும் அனுப்பும். இம்முறையின் அடிப்படையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தனர். ஆதலால் ஒன்றிரண்டு பொதிகள் தொலைந்தால் வேலை தாமதப்படுமேயன்றி நின்றுவிடாது. நெடுநேரம் மறுமொழியே இல்லையெனில்தான் கணினி கைவிடுகிறது.

நாம் முதலில் எந்தக் கருவியையும் தொடவில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டோம். மாலை 5 மணிக்கு அலுவலகத்தார் வேலையைத் தொடக்கிவிட்டு வீடு செல்வது வழக்கம். இணைப்பு எப்போது அறுந்தது என்பதைக் கணினியின் நிகழ்வுக் குறிப்பிலிருந்து ஐந்து நாள்களுக்கு எழுதினோம். 5.30, 5.30, 5.11, 5.30, 5.19. இவ்வைந்து எண்களைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். மூன்று நாள் மிகச் சரியாக முப்பதாம் நிமிடம். கம்பியோ மழையோ கடிகாரம் பார்த்துப் பழுதாவதில்லை. ஒரே கால அளவில் நிகழும் அறுபாடு, யாரோ எங்கோ வைத்த காலவரையறையின் வேலையாகும். தேடியபோது, விசைப்பலகையைத் தொடாமல் 30 நிமிடம் கழிந்தால் கணினி உறங்க வேண்டும் என்று மின் சிக்கனத்திற்காக அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அது நகலெடுத்துக்கொண்டிருந்தபோதே உறங்கிவிட்டது. மறுநாள் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கி, ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. கடைசிப் பேரேடுகள் ஒருநாளும் போய்ச் சேராத காரணம் இதுவே.

உறக்கத்தை நீக்கினோம். ஆயினும் 5.11, 5.19 போன்ற ஒழுங்கற்ற அறுபாடுகள் தொடர்ந்தன. நோய் இரண்டு இருந்தன போலும்.

இங்கே ஒரு கணக்கு. நம் கோப்புகளின் அளவு 40 ஜிகாபைட். இணைப்பின் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட் இருக்க வேண்டும். கணினி 100 என்று காட்டிற்று. 8 பிட் சேர்ந்தது 1 பைட் ஆதலால், 100ஐ 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். 40,000ஐ 12.5ஆல் வகுக்க 3200 நொடி, அதாவது 53 நிமிடத்திற்கு மேல். வடத்தினுள் எட்டு மெல்லிய கம்பிகள் உள்ளன. 1000 மெகாபிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். 100க்கு நான்கே போதும். ஆகவே வேகம் குறைந்ததே, கம்பிகளுள் சில தொடர்பிழந்தன என்பதற்குச் சான்றாயிற்று.

ஐயத்தைத் தீர்க்க, கணினியையும் பெட்டியையும் அருகருகே வைத்து ஒரு புதிய குறுகிய வடத்தால் இணைத்தோம். வேறொன்றையும் மாற்றவில்லை. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் குணப்படுத்தியது எது என்று அறிய இயலாதன்றோ? அன்று வேலை தடையின்றி முடிந்தது. ஆகவே குற்றம் பழைய வடத்திலேயே. கூரையடியில் ஏறிப் பார்த்தபோது, எலி கடித்த ஓரிடத்தை யாரோ கையால் முறுக்கி ஒட்டுநாடா சுற்றியிருந்தது தெரிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். காற்று வீசியபோதெல்லாம் அது நெகிழ்ந்தது. முழு வடத்தையும் மாற்றினோம். இத்தகைய செப்புவடம் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பதையும் நினைவில் வைத்து அளந்தே இழுத்தோம்.

பிற இடங்களில் பிற காரணங்கள் இருக்கலாம். இரு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் இணைப்பு மாறி மாறி அறுபடும். கம்பியில்லா இணைப்பாயின், பக்கத்துச் சமையலறையின் நுண்ணலை அடுப்பும் இடையூறு செய்யும். பெற்றோர்கள் கைப்பேசிப் படங்களைச் சேமிக்கும்போதும் இதே தொல்லையைக் காணலாம்.

இப்போது நம் வேலை பத்து நிமிடத்திற்குள் முடிகிறது. "முடிந்தது" என்று திரை கூறுவதை மட்டும் நாம் நம்புவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் சீட்டெடுத்து ஒரு பக்க எண்ணைச் சொல்வார். அப்பக்கத்தைக் காப்புப்படியிலிருந்து திறந்து பார்க்கிறோம். சென்ற வாரம் 1961ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று வந்தது. கடைசி வரி வரை எழுத்துகள் தெளிவாக இருந்தன.