கடைக் கம்ப்யூட்டர்: கோளாறும் கேபினட்டும்

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பில் போடும் கம்ப்யூட்டர் நின்றால் கல்லாவும் நின்று விடுகிறது. அந்த அவசரத்தில் ரிப்பேர்காரர் சொல்லும் பாகத்துக்கெல்லாம் பணம் கொடுத்து விடுகிறோம். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்குகிற நாம், இந்த விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக் கொள்வது சரியல்ல.

முதலில், கோளாறே இல்லாத கோளாறு ஒன்று. கேபினட்டைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது; பெட்டி பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போக வேண்டும். சுவரில் எர்த் இல்லையென்றால் அது பெட்டியிலேயே நிற்கும். நம் கைக்கு வரும். பழைய வீட்டைக் கடையாக்கியிருக்கும் நம் காஞ்சிபுரத்துத் தெருக்களில் இதைச் சொல்லவே வேண்டாம். முதலில் கூப்பிட வேண்டியவர் எலக்ட்ரீஷியன். ஷாக் பலமாக இருந்தால் வேறு விஷயம். உடனே பிளக்கைப் பிடுங்கி விடுங்கள்.

பில்லில் தேதி பல வருடம் பின்னால் போய் விட்டதா? மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். மின் இணைப்பை எடுத்து விட்டு அதை மாற்றிப் பாருங்கள். திரை வராமல் 'பீப்' சத்தம் மட்டும் வந்தால், ராமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவார்கள். பலமுறை அதோடு சரியாகி விடும்.

கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மட்டும் நம்மால் ஆகாது. 1999-க்குப் பிறகு சில வருடங்கள் மோசமான கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறின. டெல் கம்பெனி 2005-ல் இதற்காகவே சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெரிய பெயர் பார்த்து வாங்கினாலும் பழுது வரும்.

ஹார்டு டிஸ்க் 'கிளிக், கிளிக்' என்று சத்தமிட்டால் அன்றே கணக்கை வேறொன்றில் எடுத்து விடுங்கள். வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், பழைய கணக்கு கிடைக்காது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஒரு பிரதி கடையில், இன்னொன்று வீட்டில்.

இனி கேபினட். ரிச்சி தெருவில் வாங்கும்போது எல்லோரும் பிராசஸரைப் பற்றிப் பேசி முடித்து, கடைசியில் "ஏதாவது ஒரு பெட்டி போடுங்க" என்கிறார்கள். நம் ஊரில் வெயிலும் தூசியும் எவ்வளவு! அரிசி மண்டியில் தவிட்டுத் தூசி, பட்டுக் கடையில் நூல் பிசிறு. இரண்டும் விசிறியில் சுற்றி, சூடு ஏற்றி, பாகத்தைக் கொல்லும். முன்பக்கம் காற்று உள்ளே வரவும் பின்பக்கம் வெளியே போகவும் விசிறி வேண்டும். முன்பக்கத்தில் கழற்றிக் கழுவும் வலை இருக்க வேண்டும். கண்ணாடிப் பலகையும் கலர் விளக்கும் கடைக்கு எதற்கு? போர்டின் அளவையும் கேளுங்கள்: ஏ.டி.எக்ஸ். போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. பில் போடச் சின்னது போதும். தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்க மடித்திராத தகடு சுத்தம் செய்பவர் கையைக் கிழிக்கும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் '450 வாட்' என்று ஒட்டியிருப்பதை நான் நம்புவதில்லை. தூக்கிப் பார்த்தாலே இறகாக இருக்கும். அதைத் தனியாக நல்லதாக வாங்குவதே மேல். பாயில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் கடைகளில் பெட்டியைத் தரையில் வைக்கிறார்கள். ஒரு முழ உயரப் பலகையாவது போடுங்கள்.

விற்றவர் மாற்றித் தர மறுத்தால்? கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கு முக்கியம். பெரிய அளவில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர்; ஆனால் தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான். 2019 சட்டத்திலும் இதே விளக்கம் இருக்கிறது. ஆகவே தன் பிழைப்புக்காகத் தானே கடை நடத்தும் சிறு வியாபாரி, தன் உபயோகத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இடமுண்டு. ஆள் வைத்து நடத்தும் மொத்த வியாபாரிக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். அவருக்கு 1930 சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. வாய்ப் பேச்சாக விடாமல் ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் வாரண்டிக் காலமும் பில்லில் ஏற வேண்டும்.

ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருட அவகாசம். 5 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.